பதினோராவது உறை

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வரும் கடிதங்கள் எல்லாம் அவருடைய கையெழுத்திலேயே வரும்.

தபால்காரர்தான் இதை முதலில் கவனித்தார். கீழ்த்தளத்துப் பெட்டிகளில் கடிதங்களைப் போட்டுக்கொண்டிருந்தவர், மெக்கானிக் வேலைப் பையோடு படியிறங்கி வருவதைப் பார்த்ததும் ஒரு உறையைத் தூக்கிக் காட்டினார்.

"சார், கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. இது ஏதோ மலை நாட்டுலேருந்து வந்திருக்கு. போன மாசம் பாலைவனத்துலேருந்து ஒண்ணு. ரெண்டுலயும் ஒரே கையெழுத்து. உங்க ஆளு ஊர் ஊரா சுத்தறாரா?"

"ஆளெல்லாம் இல்ல. என் கையெழுத்துதான்."

"உங்களுக்கு நீங்களே லெட்டர் போட்டுக்கறீங்களா?"

"ஆமா. ஆனா உள்ள லெட்டர் இருக்காது."

தபால்காரர் உறையை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். "நல்ல ஏற்பாடு சார். பதில் எழுதற வேலை மிச்சம்," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

இது என்ன ஏற்பாடு என்று சொல்லிவிடுகிறேன்.

சில சமயம் பல நாடுகள் சேர்ந்துகொண்டு ஒரே படத்தில் தபால்தலை வெளியிடும். மெக்கானிக் சேர்த்தது அப்படிப்பட்ட ஒரு வரிசை. படம் ஒரு கலங்கரை விளக்கம். கீழே பாறை, நடுவில் கோபுரம், உச்சியிலிருந்து ஒரு வெளிச்சக் கீற்று வலது பக்கமாகப் போகிறது. பதினோரு நாடுகள் அந்தப் படத்தை வெளியிட்டன. அவற்றில் சிலவற்றுக்குக் கடற்கரையே கிடையாது. மலை நாட்டில் அலை பார்க்க வேண்டுமென்றால் இரண்டு எல்லைகளைத் தாண்ட வேண்டும், இருந்தாலும் அவர்களும் கலங்கரை விளக்கம் போட்டார்கள். மெக்கானிக்குக்கு இதில் ஒரு தனிச் சந்தோஷம்.

பதினொன்றும் ஒரே அச்சகத்தில் அடித்தவை. படத்துக்கு ஓர் அச்சுத் தகடு. நாட்டின் பெயருக்கும் விலைக்கும் இன்னொரு தகடு. முதல் தகட்டை மாற்றவே வேண்டாம், பாறையும் கோபுரமும் வெளிச்சமும் எல்லோருக்கும் பொது. தாள் இரண்டாவது முறை இயந்திரத்துக்குள் போகும்போதுதான் அது யாருடையது என்பது முடிவாகும். தாள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் பெயர் போய்ப் பாறையில் முட்டும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பாலைவன நாட்டின் பெயர் அப்படி லேசாக முட்டியிருப்பது தெரியும். மெக்கானிக் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

இன்னொரு அழகும் உண்டு. ஒவ்வொரு நாடும் வெளிநாட்டுக்குப் போகும் சாதாரணக் கடிதத்துக்கான கட்டணத்தையே விலையாகப் போட்டிருந்தது. அதாவது, எந்த நாட்டிலிருந்தும் ஒரே ஒரு கலங்கரை விளக்கத் தலை ஒரு கடிதத்தை இங்கே கொண்டுவந்து சேர்த்துவிடும். எனவே மெக்கானிக் வெறும் தபால்தலைகளாகச் சேர்க்கவில்லை. தன் முகவரியைத் தானே எழுதிய உறை, அதற்குள் மடங்காமல் இருக்கச் சட்டைப் பெட்டியிலிருந்து வெட்டிய ஓர் அட்டை, எந்த நாட்டிலும் தபால்தலையாக மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு பதில் கூப்பன், ஒரு வேண்டுகோள் தாள். இவற்றை அந்தந்த நாட்டின் தலைமை அஞ்சலக அதிகாரிக்கு அனுப்புவார். அவர் மனது வைத்தால் அந்தத் தபால்தலையை ஒட்டி, முத்திரை குத்தித் திருப்பி அனுப்புவார். அதனால்தான் எல்லா உறையிலும் ஒரே கையெழுத்து.

வந்த உறையைப் பிரிப்பதில்லை. இந்தப் பொழுதுபோக்கில் அது ஒரு வழக்கம். பிரித்த உறைக்குக் கிழிசல் உறை என்றுதான் பெயர். அதோடு, உள்ளே இருப்பது தான் வெட்டிய அட்டை என்று தெரிந்திருக்கும்போது எதற்குப் பிரிப்பது?

பத்து நாடுகள் வந்துவிட்டன. பதினோராவது ஒரு தீவு. முதலில் அனுப்பிய உறை திரும்பவே இல்லை. அடுத்த உறை ஒரு மீன் படத்தை ஒட்டிக்கொண்டு வந்தது. நல்ல மீன்தான். ஆனால் மீன்.

"யோவ் லிஃப்ட்டு, உனக்கென்ன கிறுக்கா?" என்றார் பல் டாக்டர். தபால்தலை சேகரிப்பவர்கள் சங்கத்தின் தலைவர் அவர். ரயில் படம் போட்ட தபால்தலை மட்டும் சேர்ப்பவர். நோயாளியின் வாயைத் திறக்கவைத்துக்கொண்டே பேசிப் பழகியதால் எதிராளியின் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். "உன் தங்கச்சி அந்தத் தீவுலதானே இருக்கா? ஒரு போனைப் போட்டா முடிஞ்சு போச்சு. ஊர்ல இல்லாத அதிகாரிக்கெல்லாம் மனு போட்டுட்டுத் திரியற."

மெக்கானிக் மீன் ஒட்டிய உறையைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

தங்கச்சியைத் தவிர அவருக்கு யாரும் கிடையாது. கல்யாணம் ஆகவில்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அந்த மூன்றாம் மாடி வீட்டில் அண்ணனும் தங்கையுமாகச் சில வருடங்கள் இருந்தார்கள். பிறகு அவளுக்குத் தீவில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்தது. அவள் கிளம்பிய அன்று ஒரு கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட, உள்ளே மாட்டியவர்களை வெளியேற்ற இவர் போய்விட்டார். உள்ளே ஆட்கள் இருந்தது உண்மை. வேறு மெக்கானிக்கை அனுப்பியிருக்கலாம் என்பதும் உண்மை. வழியனுப்பி வைக்க இவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அவளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஆரம்பத்தில் வாராவாரம் போன் பேசினார்கள். பிறகு எப்போதாவது. அவள் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டாள், பிள்ளை பிறந்தான். போன் நின்றுபோனது. இருவருக்கும் சண்டை எதுவும் இல்லை. சண்டை இருந்திருந்தால் யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்திருக்கலாம்.

கடைசியில் அவளுக்கு அனுப்பத்தான் செய்தார். போன் செய்யவில்லை. மேசையில் அமர்ந்து உறையில் தன் முகவரியை எழுதினார், அட்டையைச் செருகினார். வேண்டுகோள் தாளை எடுத்தார். அது பல வருடங்களுக்கு முன்னால் தட்டச்சு செய்து நகலெடுத்து வைத்த கட்டு. "மதிப்பிற்குரிய" என்ற சொல்லுக்குப் பிறகு ஓர் இடைவெளி. "இத்துடன் இணைத்துள்ள உறையின் வலது மேல் மூலையில் கலங்கரை விளக்கத் தபால்தலை ஒன்றை நேராக ஒட்டி, முத்திரை தெளிவாக விழும்படி செய்து அனுப்பினால் நன்றியுடையவனாவேன்." அந்த இடைவெளியில் என்ன எழுதுவது என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். வீட்டில் அவளை 'குட்டி' என்று கூப்பிடுவார்கள். "மதிப்பிற்குரிய குட்டிக்கு" என்று எழுதி, மடித்து, ஒட்டிவிட்டார்.

உறை வந்தது. அவசரமாக முகப்பைத்தான் பார்த்தார். தீவின் பெயர் நீல நிறத்தில், பாறையை முட்டாமல், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. முத்திரை கறுப்பாக, வட்டமாக, ஓரத்தில் விழுந்து, கோபுரத்தைத் தொடாமல் நின்றது. ஆனால் கலங்கரை விளக்கங்கள் இரண்டு. பக்கத்தில் பக்கத்தில், ஒரே திசையில் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு.

"ஒண்ணுன்னு எழுதியிருந்தேனே," என்று யாருமில்லாத வீட்டில் சத்தமாகவே சொன்னார். உறை கொஞ்சம் தடியாகவும் இருந்தது. அட்டையையும் இரண்டாக வைத்திருப்பாள். அவளுக்கு எல்லாமே ஒன்றுக்கு இரண்டு. மழை வந்தால் குடையும் எடுப்பாள், கோட்டும் போடுவாள். கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பாள், பாதித் தெரு போய்விட்டு வந்து மறுபடியும் இழுப்பாள்.

சங்கத்தின் கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை முழுவதும் இந்த உறையோடு மல்லுக்கட்டினார். மற்ற பத்தும் ஒரே மாதிரி, ஒரே அளவில் நின்றன. இது மட்டும் இரட்டை மாடு பூட்டிய வண்டி மாதிரி வரிசையில் சேராமல் துருத்திக்கொண்டு நின்றது. ஸ்கேலை வைத்து அளந்தார், மேலே ஏற்றினார், கீழே இறக்கினார். மதியச் சாப்பாடு மறந்துபோனது. கடைசியில் தனிப் பக்கமாக வைத்து, கீழே ஒரு குறிப்பை எழுதினார்: "தீவு. என் தங்கை அனுப்பியது. தவறுதலாக இரண்டு தலைகள்."

கண்காட்சி நூலகத்தின் மேல்மாடிக் கூடத்தில் நடந்தது. கண்ணாடி போட்ட பலகைகள் வரிசையாக நின்றன. மழை பெய்துகொண்டிருந்ததால் உறுப்பினர்களைத் தவிர யாரும் வரவில்லை. நடுவர் கூடத்தின் அந்தக் கோடியில் பல் டாக்டரின் ரயில்களில் ஏறி உட்கார்ந்தவர் இறங்குவதாகத் தெரியவில்லை. மெக்கானிக் தன் பலகைக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

அப்போது ஒரு பெண்மணி குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். எதிர்ச்சாரியில் மருந்துக் கடை வைத்திருப்பவர். மழை விடட்டும் என்று ஒதுங்கியவர், சும்மா நிற்பானேன் என்று ஒவ்வொரு பலகையாகப் பார்த்துக்கொண்டு வந்து இவரிடம் நின்றார்.

"ஒரே ஸ்டாம்பு இத்தனையா?"

மெக்கானிக்குக்குத் தொண்டையைச் செருமிக்கொள்ளக்கூட நேரம் போதவில்லை. தகடுகளைச் சொன்னார். பாறையில் முட்டிய பெயரைக் காட்டினார். மலை நாட்டுக்குக் கடல் இல்லாததைச் சொன்னார். அந்த அம்மாள் சிரித்தார்.

"எங்க கடையில கூட அப்படித்தான் சார். ஒரே மாத்திரை, பத்து கம்பெனி பேரு. ஆனா நான் அதைச் சொன்னா யாரும் சிரிக்க மாட்டாங்க." பிறகு கடைசிப் பக்கத்துக்கு வந்தார். "இதுல மட்டும் ஏன் ரெண்டு?"

"அது என் தங்கச்சி போட்டது. தெரியாம ஒட்டிட்டா."

"சும்மா யாராவது கூட ஒட்டுவாங்களா? காசுதானே அது."

"இல்லைங்க, அதுக்குக் காரணம்..." என்று ஆரம்பித்தார் மெக்கானிக். கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் அதைப் பாதியில் விட அவருக்குத் தெரியாது. "ஒரு உறையில கூடுதலா ஸ்டாம்பு இருந்தா, சேகரிக்கறவங்க ரெண்டு விஷயம் பார்ப்போம். ஒண்ணு, கட்டணம் ஏறியிருக்கும். இந்தத் தீவுல ஏறலை, அது எனக்கு நல்லாத் தெரியும். இன்னொண்ணு எடை. தபாலாபீஸ் ஜன்னல்ல இருக்கறவங்க உறையைத் தராசுல வைப்பாங்க. இருபது கிராம் வரைக்கும் ஒரு ஸ்டாம்பு போதும். அதைத் தாண்டினா ரெண்டு ஒட்டச் சொல்வாங்க."

"அப்போ இது எடை கூடவா?"

"இல்லைங்க. உறையும் அட்டையும் சேர்ந்து பத்து கிராம்கூட வராது. ரெண்டு அட்டை வெச்சாலும் இருபதைத் தாண்டாது. நானே வெட்டின அட்டை. தாண்டணும்னா உள்ள வேற ஏதாவது..."

நிறுத்திவிட்டார்.

"என்ன சார்?" என்றார் மருந்துக் கடைக்காரம்மா.

மெக்கானிக் சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். அது எப்போதும் அங்கேதான் இருக்கும். கண்ணாடியை இறுக்கியிருந்த திருகுகளைக் கழற்றினார். அந்த வேலை அவர் கைக்குப் பழக்கம். உறையை வெளியே எடுத்தார். வீட்டுக்குக் கொண்டுபோய் நீராவி காட்டி, பசை இளகப் பிரித்திருக்கலாம். அவருக்குத் தெரியாத முறையா? ஸ்க்ரூ டிரைவரின் முனையை உறையின் மேல் மடிப்பில் நுழைத்து இழுத்தார்.

கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து பல் டாக்டர் ஓடிவந்தார். "யோவ்! யோவ்! என்னய்யா பண்ற? நடுவர் இன்னும் இந்தப் பக்கமே வரலை! பதினோரு நாடும் முழுசா வெச்சிருக்கற ஒரே ஆளு நீ!"

கிழிசல் கோணலாக ஓடி முத்திரையின் ஓரத்தைத் தின்றுவிட்டது. உள்ளே அவர் வெட்டிய அட்டை ஒன்றுதான் இருந்தது. அதைச் சுற்றித் தடித்த தாள்கள், மருத்துவமனையின் பெயர் அச்சிட்டவை, மடித்துச் செருகப்பட்டிருந்தன.

"மதிப்பிற்குரிய சேகரிப்பாளர் ஐயா அவர்களுக்கு. தங்கள் தாள் கிடைத்தது. கேட்டபடி தலை நேராக ஒட்டப்பட்டது. ஒன்றுக்கு இரண்டாக ஒட்டியதற்கு வருந்தவில்லை. அண்ணா, உலகம் முழுக்க அதிகாரிகளுக்கு அனுப்பற அதே அச்சை எனக்கும் அனுப்பியிருக்க. பேரை மட்டும் மாத்தியிருக்க. படிச்சிட்டு ரொம்ப நேரம் சிரிச்சேன், அப்புறம் சிரிக்கல."

நிறைய எழுதியிருந்தாள். பிள்ளை உயரமாகிவிட்டதை, முழங்கால் வலியை, போன் எண் மாறியதை, கீழ்வீட்டு நாயைப் பற்றிக்கூட. கடைசித் தாளில்தான் விஷயம் இருந்தது. பையனை வெளிநாட்டில் படிப்புக்குச் சேர்க்கக் கூட்டிப் போகிறாள். விமானம் மாற இந்த ஊரில் இறங்க வேண்டும். ஒரு மதியம் முழுக்க நேரம் இருக்கும். "விமான நிலைய வாசலுக்கு வந்து நிற்கிறேன். வந்தால் சேர்ந்து டீ குடிக்கலாம். எங்கேயாவது லிஃப்ட் நின்றுபோனால் அன்றைக்கு மட்டும் வேறு யாரையாவது அனுப்பு."

தேதி போட்டிருந்தாள். அது ஒரு சனிக்கிழமை. போன மாதத்துச் சனிக்கிழமை. ஸ்கேலை வைத்து அளந்துகொண்டிருந்த அந்தச் சனிக்கிழமை.

மருந்துக் கடைக்காரம்மா குடையை எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் நகர்ந்தார். மெக்கானிக் தாள்களோடு வெளியே போய் லிஃப்ட் வாசலில் நின்று, அதிலிருந்த புது எண்ணைப் போனில் அழுத்தினார்.

"ஹலோ?"

"குட்டி, நான்தான்."

"எந்த நான்?"

"அண்ணா."

அந்தப் பக்கம் ஏதோ தள்ளுவண்டியின் சக்கரங்கள் உருளும் சத்தம் கேட்டது.

"அடேயப்பா. சேகரிப்பாளர் ஐயாவா."

"லெட்டரை இப்பதான் படிச்சேன்."

"இப்பன்னா? அது வந்து எவ்வளவு நாளாச்சு!"

"பிரிக்கலை."

"தெரியும்," என்றாள். "நீ பிரிக்க மாட்டேன்னு தெரியும். அதுக்குத்தான் அவ்வளவு மெனக்கெட்டேன். நான் எழுதினதுக்கு ஒரு ஸ்டாம்பே போதும்னுதான் ஜன்னல்ல சொன்னாங்க. அங்கயே நின்னு இன்னொரு தாள் எழுதினேன். நாயைப் பத்தியெல்லாம் எதுக்கு எழுதினேன்னு நினைக்கற? தராசு முள்ளு தாண்டணும்ல. நீ ரெண்டு ஸ்டாம்பைப் பார்த்ததும் எடை கூட இருக்கே, உள்ள என்னன்னு யோசிப்பேன்னு நினைச்சேன். இந்தக் கணக்கையெல்லாம் எனக்கு எத்தனை தடவை விளக்கியிருப்ப, நான் கேக்காமலே?"

"பார்த்தேன். நீ எதையும் ஒண்ணுக்கு ரெண்டா செய்வியேன்னு..."

"அப்படி நினைச்சியா."



"போன்ல சொல்லியிருக்கலாமே, குட்டி?"

"நீ தாள்ல கேட்ட. நானும் தாள்ல சொன்னேன்." பிறகு, "வாசல்ல நின்னேன். எல்லாரும் பேரு எழுதின அட்டையைத் தூக்கிப் பிடிச்சிட்டு நின்னாங்க. ஒவ்வொரு அட்டையா படிச்சிட்டு இருந்தேன். பையன்தான், வா மா போலாம், மாமா வர மாட்டாருன்னான்."

"திரும்பிப் போகும்போது இந்தப் பக்கம்..."

"திரும்பினது வேற வழி. போன வாரமே வந்து சேர்ந்துட்டேன்."

"அன்னிக்கு நான் வீட்டுலதான் இருந்தேன், குட்டி. வேலைக்குக்கூடப் போகலை. உன் உறையை எங்க வைக்கறதுன்னு பார்த்துட்டு இருந்தேன்."

அந்தப் பக்கம் சக்கரச் சத்தம் நின்றிருந்தது.

"எப்படிப் பிரிச்ச? ஆவி காட்டினியா?"

"கிழிச்சிட்டேன்."

"கத்தியாலயா?"

"ஸ்க்ரூ டிரைவர்."

"நீயா?"

"முத்திரையும் கிழிஞ்சு போச்சு."

அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. லிஃப்ட் கதவுக்கு வெளியே நின்று காதைக் கொடுத்தே பழுது கயிறா, கப்பியா, பிரேக்கா என்று சொல்லிவிடுகிறவர். இதில் பழக்கம் போதவில்லை.

"வார்டுல கூப்பிடறாங்க," என்றாள். "அப்புறம் பேசறேன்."

"எப்ப?"

"பேசறேன்னா பேசறேன்ணா. வை."

அவர் கூடத்துக்குத் திரும்பியபோது பல் டாக்டர் காலிப் பக்கத்தின் முன்னால் தலையில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார். மெக்கானிக் கிழிந்த உறையை அதன் இடத்திலேயே வைத்தார். கிழிசலை மறைக்கவில்லை. தாள்களை உறைக்குள் திரும்ப வைக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு பேனாவை எடுத்து, கீழே இருந்த குறிப்பில் "தவறுதலாக இரண்டு தலைகள்" என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதினார்: "எடை கூடுதலால் இரட்டைக் கட்டணம். உள்ளே கடிதம் இருந்தது."

திருகுகளை ஒவ்வொன்றாக இறுக்கினார்.

நடுவர் வந்தார். பத்துப் பக்கங்களையும் தலையசைத்துப் பார்த்தார், கடைசியில் நின்று, மூக்குக் கண்ணாடியை உயர்த்திக் கிழிசலைப் பார்த்தார், தன் மதிப்பெண் அட்டையில் ஏதோ எழுதிக்கொண்டு நகர்ந்தார். மழை விட்டுவிட்டது. இனி ஒதுங்குவதற்குக்கூட யாரும் வர மாட்டார்கள். உறுப்பினர்கள் பலகைகளைக் கழற்றத் தொடங்கினார்கள். மெக்கானிக் போனின் ஒலியை முழுவதும் கூட்டி, பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, தன் பலகைக்குப் பக்கத்தில் நின்றார்.